சென்னையில் இருந்து மாமல்லபுரத்துக்குப் படகில் போக முடியுமா? முட்டுக்காடு படகுப் பயணமும் பக்கிங்காம் கால்வாயின் கதையும்

ஞாயிற்றுக்கிழமை மாலை. ஈ.சி.ஆரில் முட்டுக்காடு படகுத் துறை. ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு வரிசையில் நிற்கும் குடும்பங்களுக்கு நடுவே இப்படி ஒரு பேச்சு காதில் விழலாம்.

“அப்பா, இந்தத் தண்ணி எங்கிருந்து வருது?”

“கடல்ல இருந்துதான்டா கண்ணு.”

“அப்போ அந்தப் பக்கமா நேரா போனா எங்க போகும்?”

பதில் தெரியாமல் அப்பா போனை எடுத்து மேப்பைத் திறப்பார். அதற்குள் கூட வந்த தாத்தா சொல்லிவிடுவார்: “நேரா போனா நம்ம மயிலாப்பூருக்கே போயிடலாம். அந்தக் காலத்துல அப்படித்தான் போனாங்க.”

தாத்தா கதை விடவில்லை. சென்னையில் இருந்து மாமல்லபுரத்துக்கு, அதையும் தாண்டி மரக்காணம் வரைக்கும் படகு ஓடிய காலம் உண்டு. அந்தப் பாதையின் பெயர் பக்கிங்காம் கால்வாய். பாதை இன்னும் இருக்கிறது, படகுதான் இல்லை. ஏன் இல்லை என்ற கேள்விக்கான பதில் சுற்றுலாவோடு முடிவதில்லை. டிசம்பர் மழைக்கு ஓ.எம்.ஆரில் முழங்கால் அளவு தண்ணீர் ஏன் நிற்கிறது என்பதிலும் அந்தப் பதிலின் ஒரு பகுதி இருக்கிறது.

முட்டுக்காட்டில் படகு ஓடுவது எந்தத் தண்ணீரில்?

முட்டுக்காடு படகுக் குழாமை நடத்துவது தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம். 1984-ல் தொடங்கப்பட்ட இடம் இது. துடுப்புப் படகு, மிதிபடகு, மோட்டார் படகு, வேகப் படகு என்று பல வகைப் படகுகள் இங்கே உண்டு.

படகு மிதக்கும் இடம் ஆறும் இல்லை, ஏரியும் இல்லை. கடல்நீர் உள்ளே ஏறி இறங்கும் உப்பங்கழி. கிழக்கே ஈ.சி.ஆர். பாலம். பாலத்துக்கு அப்பால் முகத்துவாரம், அதன் பிறகு வங்கக்கடல். மேற்கே திரும்பிப் பார்த்தால் தண்ணீர் அகலமாக விரிந்து கிடக்கும். அந்தப் பக்கத்தில்தான் வடக்கில் இருந்து வரும் பக்கிங்காம் கால்வாய் இந்த உப்பங்கழியில் சேர்கிறது. பிறகு தெற்கே மாமல்லபுரத்தை நோக்கித் தொடர்கிறது.

ஓ.எம்.ஆரில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தக் கால்வாய் புதிதல்ல. சோழிங்கநல்லூரில் இருந்து அக்கரைக்குப் போகும் சாலையில் ஒரு பாலத்தைத் தாண்டுவார்கள் அல்லவா? கீழே ஆகாயத்தாமரை படர்ந்து நிற்கும் தண்ணீர் இதுதான். ஓ.எம்.ஆருக்கும் ஈ.சி.ஆருக்கும் நடுவே, இரண்டு சாலைகளுக்கும் இணையாக ஓடுகிறது. இங்கே முதலில் வந்த நெடுஞ்சாலை என்று இதைச் சொன்னால் தவறில்லை.

வெட்டியது யார்? எதற்கு?

1801-ல் பேசில் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்து வணிகருக்கு, சென்னையில் இருந்து எண்ணூர் வரை கால்வாய் வெட்ட கிழக்கிந்தியக் கம்பெனி அனுமதி கொடுத்தது. வெட்டுகிறவர் வருகிற படகுகளிடம் சுங்கம் வசூலித்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. இன்றைய டோல்கேட் சாலை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1806-ல் படகுகள் ஓடத் தொடங்கின. முதலில் அதன் பெயரே காக்ரேன் கால்வாய்தான். 1837-ல் கம்பெனி அதைத் தன் வசம் எடுத்துக்கொண்டது.

பிறகு கட்டம் கட்டமாக நீட்டினார்கள். வடக்கே பழவேற்காடு ஏரியைத் தாண்டி, ஆந்திரத்தில் கிருஷ்ணா ஆற்றுப் பாசனக் கால்வாய்களோடு சேரும் பெத்தகஞ்சம் வரை சென்றது. தெற்கே அடையாற்றில் தொடங்கி மரக்காணம் வரை சென்றது. மொத்தம் சுமார் 420 கி.மீ. அதில் 160 கி.மீ.க்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறது.

இவ்வளவு நீளத்தையும் மண்வெட்டியால் புதிதாகத் தோண்டவில்லை. கடலோரத்தில் ஏற்கெனவே இருந்த உப்பங்கழிகள், ஏரிகள், முகத்துவாரங்கள் இவற்றுக்கு நடுவே இருந்த மண்ணை மட்டும் வெட்டி, ஒன்றோடு ஒன்று கோத்துவிட்டார்கள். பழவேற்காடு, எண்ணூர், முட்டுக்காடு எல்லாம் இந்தச் சரத்தில் இருக்கும் இயற்கையான மணிகள்.

அந்த 8 கி.மீ.

இந்த வரலாற்றில் ஒரு பகுதியைச் சுற்றுலாப் பலகைகளில் பெரும்பாலும் பார்க்க முடியாது.

1870-கள் வரை ஒரு குறை இருந்தது. வடக்கில் இருந்து வரும் கால்வாய் கூவத்தோடு நின்றுவிடும். தெற்குக் கால்வாய் அடையாற்றில்தான் தொடங்கும். நடுவில் நகரத்துக்குள் சுமார் 8 கி.மீ. இடைவெளி. வடக்கில் இருந்து வரும் சரக்கு தெற்கே போக வேண்டுமென்றால் இறக்கி, வண்டியில் ஏற்ற வேண்டும்.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் தாக்கியது. தாது வருஷப் பஞ்சம் என்று கிராமங்களில் சொல்வார்கள். லட்சக்கணக்கானவர்கள் செத்து மடிந்தார்கள். பிழைக்க வழி தேடிச் சென்னைக்கு வந்தவர்களுக்கு நிவாரணம் என்ற பெயரில் வேலை கொடுக்கப்பட்டது. அந்த வேலைகளில் ஒன்று, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் 8 கி.மீ. கால்வாயை வெட்டுவது.

மாகாணத்தின் நிவாரணப் பணிகளில் ஒரு கட்டத்தில் கொடுக்கப்பட்ட கூலி, ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும். ஒரு பவுண்டு என்றால் சுமார் 450 கிராம். நாள் முழுக்க மண் சுமக்கிறவருக்கு இது போதுமா என்று அன்றைக்கே சர்ச்சை எழுந்தது.

1878-ல் வேலை முடிந்தது. அன்றைய ஆளுநர் பக்கிங்காம் கோமகன். கால்வாய் முழுவதற்கும் அவர் பெயரையே வைத்தார்கள். பசியோடு வெட்டியவர்களின் பெயர் எதுவும் அதில் இல்லை.

படகு எப்படி ஓடியது?

ஆற்றில் நீரோட்டம் படகைத் தள்ளும். கால்வாயில் அப்படி இழுப்பு கிடையாது. கடல் ஏற்றம் வரும்போது முகத்துவாரங்கள் வழியாகத் தண்ணீர் உள்ளே வரும், இறக்கத்தில் வெளியே போகும். அதோடு ஒத்துப் போனால் பயணம் சுலபம். காற்று இருந்தால் பாய் விரிப்பார்கள். இரண்டும் இல்லையென்றால் நீண்ட கழியை ஊன்றித் தள்ளுவார்கள், அல்லது கரையில் ஆட்கள் நடந்தபடியே கயிறு கட்டி இழுப்பார்கள்.

ஏற்ற இறக்கத்தில் தண்ணீர் ஒரேயடியாக வடிந்துவிட்டால் படகு தரை தட்டிவிடும். அதற்காக லாக் எனப்படும் அடைப்புக் கதவுகளை அமைத்தார்கள். இரண்டு கதவுகளுக்கு நடுவே ஒரு தொட்டி. படகு உள்ளே வந்ததும் பின்கதவை மூடி, முன்பக்கம் இருக்கும் தண்ணீர் மட்டத்துக்குத் தொட்டியின் மட்டத்தைக் கொண்டுவந்து, முன்கதவைத் திறப்பார்கள். மட்டம் வேறாக இருக்கும் இரண்டு தண்ணீர்களுக்கு நடுவே படகு கடந்துபோக இதுதான் வழி.

உப்பு, விறகு, நெல், காய்கறி, மீன் எல்லாம் இந்த வழியில் சென்னைக்கு வந்தன. அந்தத் தடயம் சில ஊர்ப் பெயர்களில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உப்புக் கிடங்குகள் இருந்த இடம் சால்ட் கோட்டர்ஸ். மயிலாப்பூரில் தண்ணித்துறை மார்க்கெட். காய்கறிப் படகுகள் வந்து இறங்கிய துறை என்பதால் இந்தப் பெயர் என்று அங்கே சொல்வார்கள். பேர் மட்டும்தான் துறை. இன்றைக்கு அங்கே நிற்பது ஆட்டோவும் பைக்கும்.

1934: ஒரு நண்பர் கூட்டத்தின் படகுப் பயணம்

சரக்கு மட்டும் அல்ல, மனிதர்களும் போனார்கள். ஜாலியாகவும் போனார்கள்.

1934-ல் பாவேந்தர் பாரதிதாசன் தன் நண்பர்களோடு சென்னையில் இருந்து மாமல்லபுரத்துக்கு இந்தக் கால்வாயில் படகில் போனார். உடன் சென்றவர்களில் பொதுவுடைமைத் தலைவர் ப. ஜீவானந்தம், ஆய்வாளர் மயிலை சீனி. வேங்கடசாமி, சுயமரியாதை இயக்கத் தம்பதியான குத்தூசி குருசாமி, குஞ்சிதம் ஆகியோர் இருந்தார்கள். அந்தப் பயணத்தில் பிறந்த கவிதைதான் ‘மாவலிபுரச் செலவு’. இங்கே ‘செலவு’ என்றால் பணச் செலவு அல்ல, பயணம். பழந்தமிழில் அந்தச் சொல்லுக்குப் பொருள் அதுதான்.

இன்றைக்கு நண்பர்கள் கூட்டம் பைக்கில் ஈ.சி.ஆரில் கிளம்பினால் ஒன்றரை மணி நேரத்தில் மாமல்லபுரம் போய்விடலாம். கால்வாயில் ஓர் இரவே தேவைப்பட்டது. அந்த மெதுவான வேகம்தான் நண்பர்களுக்குப் பேச நேரம் கொடுத்தது. குடும்பத்தோடு படகில் போக விரும்புகிறவர்கள் தேடுவதும் அதைத்தானே.

அப்புறம் ஏன் நின்றது?

ஒரே நாளில் நிற்கவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக நான்கு காரணங்கள் சேர்ந்தன.

*முதல் காரணம், ரயிலும் லாரியும்.* படகில் நாள் கணக்கில் வந்த சரக்கு சில மணி நேரத்தில் வந்து சேர்ந்தது. படகு வருமானம் குறைந்தது. வருமானம் குறைந்த கால்வாயைத் தூர்வாருவதும் குறைந்தது.

*இரண்டாவது, புயல்.* 1965, 1966 ஆண்டுகளில் அடித்த புயல்கள் கால்வாயைக் கடுமையாகச் சேதப்படுத்தின. கரைகள் சரிந்தன, மணல் மூடியது. அதன்பிறகு முழு நீளத்துக்கும் பழைய நிலைக்குக் கொண்டுவரவே இல்லை.

*மூன்றாவது, சாக்கடை.* நகரம் வளர்ந்த வேகத்துக்குப் பாதாளச் சாக்கடை வளரவில்லை. கழிவுநீருக்குக் கிடைத்த எளிய வழி கால்வாய். தண்ணீர் வழியாக இருந்தது கழிவு வழியாக மாறியதும், “அங்க யாரு படகு விடப் போறாங்க?” என்ற கேள்வி வந்துவிட்டது. கேட்பாரில்லாத இடத்தில் ஆக்கிரமிப்பு சுலபம்.

*நான்காவது, பறக்கும் ரயில்.* சென்னைக் கடற்கரையில் இருந்து மயிலாப்பூர் வழியாக வேளச்சேரிக்குப் போகும் எம்.ஆர்.டி.எஸ். பாதைக்கு நகரத்துக்குள் நிலம் தேவைப்பட்டது. தனியார் நிலத்தை எடுத்தால் செலவும் வழக்கும். கால்வாய் அரசு நிலம், நேராகவும் போகிறது. தூண்கள் கால்வாய்க்குள்ளேயே இறங்கின. 1995-ல் முதல் கட்ட ரயில் ஓடத் தொடங்கியது, 1997-ல் திருமயிலை வரை வந்தது, 2007-ல் வேளச்சேரியைத் தொட்டது.

சேப்பாக்கத்தில் இருந்து கிரீன்வேஸ் சாலை நிலையம் வரை ரயில் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தால் தெரியும் கறுப்புத் தண்ணீர் எது? தாது வருஷப் பஞ்சத்தில் வெட்டப்பட்ட அதே 8 கி.மீ. வடக்கையும் தெற்கையும் இணைக்க வெட்டிய துண்டுதான் இன்றைக்கு மிகவும் குறுகிப்போய், படகு நுழைய முடியாமல் கிடக்கிறது. சென்னைக்குள் இருந்தே மாமல்லபுரத்துக்குப் படகு விட முடியாது என்பதற்கு இதுவே போதுமான காரணம்.

ஓ.எம்.ஆர். அபார்ட்மென்ட்டுக்கும் இந்தப் படகுக்கும் என்ன சம்பந்தம்?

“சரி, படகு இல்லைன்னா என்ன? மெட்ரோ வருதே!” என்று கேட்கலாம். இங்கேதான் விஷயம் இருக்கிறது.

தென்சென்னையின் மழைநீர் எங்கே போகிறது என்று பார்த்தால் வரிசை இப்படி வரும்:

* வேளச்சேரி, மேடவாக்கம், பெரும்பாக்கம் உள்ளிட்ட பகுதிகளின் தண்ணீர் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு வரும்.
* சதுப்பு நிலம் நிறைந்தால், ஓ.எம்.ஆருக்குக் குறுக்கே போகும் ஒக்கியம் மடு வழியாக வெளியேறும்.
* ஒக்கியம் மடு பக்கிங்காம் கால்வாயில் சேரும்.
* கால்வாய் தெற்கே ஓடி, முட்டுக்காடு முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போகும்.

அதாவது, ஞாயிற்றுக்கிழமை குழந்தைகள் படகில் சுற்றும் அதே இடம்தான் தென்சென்னையின் முக்கியமான வடிகால் வாசல்.

இந்தப் பாதையில் சரிவு மிகக் குறைவு. தண்ணீர் தானாக வேகமெடுத்து ஓடாது. கால்வாய் அகலமாகவும் ஆழமாகவும் இருந்தால்தான் போகும். முகத்துவாரத்தில் மணல் அடைத்துக்கொண்டாலோ, கடல் ஏற்றமாக இருக்கும் நேரத்தில் மழை கொட்டினாலோ, தண்ணீர் வந்த வழியே பின்னால் தேங்கும். அது தேங்கும் இடம்தான் உங்கள் தெரு, உங்கள் பேஸ்மென்ட் பார்க்கிங்.

2015 டிசம்பரில் பார்த்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது மறுபடியும் பார்த்தோம். இரண்டு முறையும் வேளச்சேரி, பெரும்பாக்கம் பக்கத்துத் தெருக்களுக்குள் மீட்புப் படகு வந்தது. கால்வாயில் போக வேண்டிய படகு தெருவில் போனது.

ஒரு படகு போவதற்குக் கால்வாய்க்கு என்னென்ன வேண்டும்? ஆழம், அகலம், தடையில்லாத பாலங்கள், சரியாத கரை, ஆகாயத்தாமரை இல்லாத தண்ணீர், திறந்திருக்கும் முகத்துவாரம். வெள்ளம் வடிவதற்கு என்ன வேண்டும்? அதே பட்டியல்தான். படகு போகிற கால்வாயில் வெள்ளமும் போகும். படகு தட்டி நிற்கிற இடத்தில் வெள்ளமும் தட்டி நிற்கும்.

இன்னொன்றும் உண்டு. வெள்ளத்துக்காக மட்டும் பராமரிக்கும் கால்வாயை வருஷத்துக்கு ஒருமுறை, மழைக்கு முன்னால் அவசரமாகத் தூர்வாருவார்கள். தினமும் படகு ஓடும் கால்வாயில் குப்பை சேர்ந்தால் அடுத்த நாளே தெரிந்துவிடும், கேள்வியும் வரும். 12 மாதமும் கால்வாயைப் பார்த்துக்கொண்டிருக்க ஆள் இருப்பார்கள்.

2004 சுனாமியின்போதும் இந்தக் கால்வாய் உதவியது. கடற்கரைக்கு இணையாக ஓடுவதால், உள்ளே வந்த அலைநீரின் ஒரு பகுதியை வாங்கிக்கொண்டு, உள்பக்க ஊர்களுக்குச் சேதத்தைக் குறைத்தது என்று ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

தேசிய நீர்வழி என்று அறிவித்தார்களே?

ஆமாம். 2008 நவம்பரில் பக்கிங்காம் கால்வாய், காக்கிநாடா முதல் புதுச்சேரி வரையிலான மற்ற கால்வாய்கள், கோதாவரி, கிருஷ்ணா ஆறுகளின் சில பகுதிகள் எல்லாவற்றையும் சேர்த்து 1,078 கி.மீ. நீளத்துக்குத் தேசிய நீர்வழி 4 என்று அறிவித்தார்கள். 2016-ல் வந்த தேசிய நீர்வழிகள் சட்டம் அதை இன்னும் நீட்டியது.

அறிவிப்பு வேறு, படகு வேறு. சென்னை–மாமல்லபுரம் பயணிகள் படகு இன்னும் ஓடவில்லை. தாழ்வாகக் கட்டப்பட்ட பாலங்களை உயர்த்த வேண்டும். கரையோர நிலத்துக்கு அளவெடுக்க வேண்டும். தூர்வாரிய மண்ணைக் கொட்ட இடம் வேண்டும். கழிவுநீர்க் குழாய்களை அடைக்க வேண்டும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு துறையின் கையில் இருக்கிறது. கால்வாய் ஒன்றுதான், அதைக் கவனிக்க வேண்டிய அலுவலகங்கள் பல.

மற்ற ஊர்களில் எப்படிச் சாத்தியமானது?

*கேரளா:* ஆலப்புழாவில் ஹவுஸ்போட்டைத்தான் சுற்றுலாப் பயணிகள் அதிகம் பார்ப்பார்கள். அதே தண்ணீரில் மாநில நீர்ப் போக்குவரத்துத் துறையின் சாதாரணப் படகுகளும் ஓடுகின்றன. ஆலப்புழா–கோட்டயம் படகில் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் வேலைக்குப் போகிறவர்களும் உட்கார்ந்திருப்பார்கள், பக்கத்திலேயே டூரிஸ்ட்டும் உட்காரலாம். பஸ் டிக்கெட் மாதிரியான கட்டணம். கொல்லம்–கோட்டப்புரம் மேற்குக் கடற்கரைக் கால்வாய் 1993-லேயே தேசிய நீர்வழி 3 ஆனது. உள்ளூர்க்காரர்களுக்குத் தினமும் தேவைப்படுவதால் அங்கே கால்வாய் செத்துப்போகவில்லை.

*அமெரிக்கா:* நியூயார்க் மாநிலத்தின் ஈரி கால்வாய் 1825-ல் திறக்கப்பட்டது. நீளம் 584 கி.மீ. ரயிலும் லாரியும் அதன் சரக்கையும் எடுத்துக்கொண்டன. 1959-ல் திறந்த செயின்ட் லாரன்ஸ் கடல்வழி மீதியையும் எடுத்துக்கொண்டது. ஆனால் கால்வாயைச் சாக்கடைக்கு விட்டுவிடவில்லை. லாக்போர்ட் என்ற ஊரில் குடும்பங்கள் படகில் ஏறி, இரண்டு லாக் தொட்டிகள் வழியாகச் சுமார் 15 மீட்டர் உயரம் மேலே போகிறார்கள். தண்ணீர் படகைத் தூக்குவதைக் குழந்தைகள் கண்ணால் பார்க்கிறார்கள். ஊர்ப் பெயரிலேயே லாக் இருக்கிறது. அந்த ஊர் இன்றைக்கும் அதைச் சொல்லியே விருந்தினரை அழைக்கிறது.

இரண்டு இடத்திலும் நடந்தது ஒன்றுதான். பழைய வேலை போனதும் கால்வாய்க்கு ஒரு புதிய வேலை கொடுத்தார்கள். சென்னையில் பழைய வேலை போனது, அந்த இடத்துக்குச் சாக்கடை வந்தது.

கரையில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள்?

கால்வாயை மீட்பது என்ற பேச்சு வந்தாலே முதலில் கைவைப்பது கரையோரக் குடிசைகளில்தான். கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய்க் கரைகளில் இருந்து அகற்றப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கண்ணகி நகர், பெரும்பாக்கம் போன்ற மறுகுடியமர்வுப் பகுதிகளுக்கு அனுப்பப்பட்டன. நகரத்துக்குள் இருந்த வீட்டு வேலை, கட்டட வேலை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாம் தூரமாகிவிட்டன.

பெரும்பாக்கம் இருப்பது பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் ஓரத்தில். 2022-ல் ராம்சார் தளமாக அறிவிக்கப்பட்ட சதுப்பு நிலம் அது. ஒக்கியம் மடுவும் கால்வாயும் தண்ணீரை வெளியேற்றாவிட்டால் முதலில் மூழ்குவதும் அந்தப் பக்கம்தான். கால்வாய் நல்லபடியாக ஓட வேண்டும் என்று அகற்றப்பட்டவர்கள், கால்வாய் ஓடாததன் விளைவை அனுபவிக்கும் இடத்தில் குடியிருக்கிறார்கள். படகுத் திட்டம் எதுவாக இருந்தாலும், கரையைச் சீர்செய்வது என்பதில் இந்தக் கணக்கும் சேர வேண்டும். கரையில் இருக்கும் தூண்களுக்கும் மதில்சுவர்களுக்கும் ஒரு நியாயம், குடிசைக்கு ஒரு நியாயம் என்று இருக்கக் கூடாது.

இந்த வாரம் குடும்பத்தோடு முட்டுக்காடு போகிறீர்களா?

மயிலாப்பூரில் இருந்து படகில் கிளம்ப முடியாவிட்டாலும், கால்வாயின் இந்த ஒரு துண்டைப் பார்க்கலாம். சில விஷயங்களைக் கவனத்தில் வைத்துக்கொண்டால் பயணம் நன்றாக இருக்கும்.

* நேரம்: காலை அல்லது வெயில் தாழ்ந்த மாலை. நடுப்பகலில் தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் வெயில் குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் தாங்காது. விடுமுறை நாட்களில் கூட்டம் அதிகம்.
* மாதம்: அக்டோபர் முதல் டிசம்பர் வரை பருவமழை. நீர்வரத்து அதிகமானாலோ காற்று பலமாக இருந்தாலோ படகு நிறுத்தப்படலாம். கிளம்பும் முன் விசாரித்துவிடுங்கள்.
* லைஃப் ஜாக்கெட்: ஆளுக்கு ஒன்று, குழந்தைக்குக் குழந்தை அளவு. பெரியவர் ஜாக்கெட்டைக் குழந்தைக்குப் போட்டால் தண்ணீரில் விழும்போது கழன்று மேலே வந்துவிடும். பக்கிள் பூட்டியிருக்கிறதா என்று நீங்களே இழுத்துப் பாருங்கள். “சும்மா ஒரு ரவுண்டுதானே” என்று விடாதீர்கள்.
* எந்தப் படகு: பேசிக்கொண்டு, சுற்றிப் பார்த்துக்கொண்டு போக மோட்டார் படகு அல்லது துடுப்புப் படகு. வேகப் படகு தூக்கிப் போடும். முதுகு வலி உள்ளவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் தவிர்ப்பது நல்லது.
* கட்டணம்: படகு வகை, நேரம், ஆட்களின் எண்ணிக்கையைப் பொறுத்து மாறும். ஒரு படகுக்கு எத்தனை பேர் என்ற வரம்பைக் கேட்டு, அதற்கு மேல் ஏறாதீர்கள்.
* செல்ஃபி: படகில் எழுந்து நிற்க வேண்டாம். எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தால் படகும் அந்தப் பக்கம் சாயும்.
* பிளாஸ்டிக்: சிப்ஸ் கவரும் தண்ணீர் பாட்டிலும் திரும்பவும் பைக்குள்ளேயே வரட்டும். இங்கே போடுவது முகத்துவாரத்துக்குத்தான் போகும்.

படகில் ஏறியதும் குழந்தைகளுக்குக் காட்ட மூன்று விஷயங்கள் இருக்கின்றன. கிழக்கே பாலத்துக்கு அப்பால் கடல் உள்ளே வரும் வழி. மேற்கே கால்வாய் வந்து சேரும் திசை. பிறகு, தண்ணீர் அந்த நேரத்தில் எந்தப் பக்கம் நகர்கிறது என்பது. மிதக்கும் ஓர் இலையைக் கவனித்தாலே போதும், கடல் ஏற்றமா இறக்கமா என்று குழந்தையே சொல்லிவிடும்.

கடைசியில், போக முடியுமா முடியாதா?

சென்னை நகருக்குள் இருந்து, இன்றைய நிலையில் முடியாது. ரயில் தூண்களை யாரும் பிடுங்கப் போவதில்லை. ஆனால் அடையாற்றுக்குத் தெற்கே, ஓ.எம்.ஆருக்கும் ஈ.சி.ஆருக்கும் நடுவில் இருக்கும் பகுதியில், கால்வாய்க்கு இன்னும் அகலம் மிச்சம் இருக்கிறது. சோழிங்கநல்லூர் பக்கத்தில் ஏறி மாமல்லபுரத்தில் இறங்குவது பொறியியல் ரீதியாக நடக்காத காரியம் அல்ல. கழிவுநீரை நிறுத்துவது, தூர்வாருவது, பாலங்களைச் சரிசெய்வது, முகத்துவாரத்தைத் திறந்து வைப்பது என்று செய்ய வேண்டிய வேலைகள் தெரிந்தவைதான். அவற்றை எப்படியும் செய்துதான் ஆக வேண்டும், படகுக்காக இல்லாவிட்டாலும் வெள்ளத்துக்காக.

அடுத்த முறை, “நேரா போனா எங்க போகும்?” என்று குழந்தை கேட்டால் மேப்பைத் தேட வேண்டாம். “நம்ம வீட்டுத் தெருவுக்குப் போகும். மழை பெஞ்சா நம்ம தெருத் தண்ணி இங்கதான் வரணும்” என்று சொல்லலாம். ஒக்கியம் மடுவில் இருந்து முட்டுக்காடு வரை தண்ணீருக்கு வழி இருக்கிறதா என்பதை அந்தக் குடும்பம் அடுத்த மழைக்கு முன்னால் ஒருமுறை விசாரிக்கத் தொடங்கினாலே, படகு டிக்கெட்டுக்குக் கொடுத்த காசு வீண் இல்லை.